வாழைக்கு ஒரு செம்புத் தண்ணீர்

உபாத்தியாயர் தொழிலில் இருபது வருஷம் கழித்தவனுக்கு ஒரு வியாதி வந்துவிடுகிறது. யார் எதைப் பற்றிக் கேட்டாலும் "தெரியாது" என்று சொல்ல நாக்கு எழுவதில்லை. அந்த வியாதியினால் சென்ற குளிர்காலத்தில் ஒரு வாழைக்கும், அதைவிட முக்கியமாக நமது தாயாருக்கும், நாம் இழைத்த தீங்கை இந்த வாரம் நேயர்களிடம் ஒப்புக்கொள்ளப் போகிறோம். வீட்டிலே சொல்லத் தைரியமில்லாத விஷயத்தைப் பத்திரிகையிலே எழுதிவிடுவது ஒரு சௌகரியந்தான். ஆனால் நமது தங்கை இந்தப் பத்திரிகையைத் தவறாமல் வாசிக்கிறவள் என்பதையும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

தங்கை இங்கிலாந்து தேசத்தின் மத்திய பாகத்தில், லெஸ்டர் நகரத்துக்கு அடுத்த ஒரு சிற்றூரில் குடும்பம் நடத்துகிறாள். தகப்பனார் காலமான பிறகு, தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டுத் தாயார் அவளிடம் போய்ச் சேர்ந்தார். போன இடத்தில் எல்லாம் இருந்தது. கொல்லை மாத்திரம் இல்லை. கொல்லை என்று அவர்கள் காட்டியது, புல் வெட்டிவிட்ட நாலு முழத் தரை. கிணற்றடியில் குளித்த தண்ணீரெல்லாம் வாழைக்குப் பாய்ந்த வீட்டில் ஐம்பது வருஷம் வாழ்ந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நாம் எழுத வேண்டியதில்லை.

அந்தக் குறையைத் தீர்ப்பதற்காகத் தங்கை நாற்றங்கால் கடை ஒன்றிலிருந்து ஒரு வாழைக் கன்று வாங்கி, ஜூன் மாதத்தில் நட்டுக் கொடுத்தாள். செப்டம்பர் முடிவதற்குள் அது ஓர் ஆள் உயரத்துக்கு மேல் போய்விட்டது. இலை ஒவ்வொன்றும் ஆறடி நீளம், கருஞ்சிவப்பு நிறம், அடியிலிருந்து பார்த்தால் சூரிய வெளிச்சம் குங்குமம் கரைத்த தண்ணீர் மாதிரி ஊடுருவி வந்தது. தாயார் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "வாழைதான், ஆனால் நம் வாழை இல்லை" என்று தீர்ப்புச் சொன்னாராம்.

அந்தத் தீர்ப்பு சரியானதே. அதன் பெயர் என்செட். அபிஸீனிய வாழை என்றும் சொல்வார்கள். வாழைக் குடும்பத்தில் ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளலாம். பிறந்த இடம் எத்தியோப்பியாவின் மலைப் பிரதேசங்கள். பழத்தில் கொட்டை நிறைந்திருக்குமாதலால் யாரும் தின்பதில்லை. அந்நாட்டின் தென்பகுதியில் ஏறக்குறைய 2 கோடி ஜனங்களுக்கு இதன் தண்டும் கிழங்குமே ஆகாரம். சுரண்டி, குழியில் புதைத்துப் புளிக்க வைத்து, 'கோச்சோ' என்னும் ரொட்டியாகச் சுட்டுச் சாப்பிடுகிறார்கள். இங்கிலாந்தின் கியூ தோட்டத்துக்கு இதன் விதைகள் 1853-ல் வந்து சேர்ந்தன. இந்த வாழைக்கு இன்னொரு விசேஷம் உண்டு. நம் வாழையைப் போல் இது தானாகப் பக்கக் கன்று விடுவதில்லை. பூத்தால் காய்த்துவிட்டு மடிய வேண்டியதுதான். 'வாழையடி வாழை' என்று நாம் கல்யாணப் பத்திரிகையில் போடும் வாழ்த்து இதற்குப் பொருந்தாது. இதை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நாம் காலாண்டு விடுமுறையுடன் கொஞ்சம் ரஜாவும் சேர்த்து எடுத்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தது அக்டோபர் ஆரம்பத்தில். போன மூன்றாம் வாரம், அடுத்த வீட்டுப் பெரியவர் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "இந்த வாரக் கடைசியில் உறைபனி விழும், வாழையை எடுத்துவிட வேண்டும்" என்று எச்சரித்தார். அவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்தவர். பேச்சு குறைவு, கைவேலை அதிகம்.

உறைபனி என்றால் என்ன செய்யும் என்று தாயார் கேட்டார். இதற்கு நாமே விளக்கம் சொன்னோம்; அந்த மட்டில் சரியாகத்தான் சொன்னோம். இலை என்பது கோடிக்கணக்கான சிறு தண்ணீர்ப் பைகள் சேர்ந்தது. தண்ணீர் உறையும்போது விரிகிறது. உறைந்த ஊசிகள் பைகளைக் குத்திக் கிழிக்கின்றன. காலையில் வெயில் பட்டதும் கிழிந்த பையிலிருந்து தண்ணீர் கசிந்து, நேற்று வரை பட்டு மாதிரி இருந்த இலை வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கும். குளிர் தேசத்து மரங்கள் இதை அறிந்து, பனிக்கு முன்பே இலையை உதிர்த்துவிடுகின்றன. வெப்ப தேசத்துச் செடிக்கு அந்த ஞானம் கிடையாது. கடைசி நாள் வரை அது புது இலையைச் சுருள் விட்டுக்கொண்டே இருக்கும்.

பெரியவர் ஒரு மண்வெட்டியும் வளைந்த கத்தியும் கொண்டு வந்தார். அவர் செய்ததை வரிசையாகச் சொல்லுகிறோம். உதகமண்டலத்திலோ கொடைக்கானலிலோ பனிக்கு அஞ்சிச் செடி வளர்க்கும் நேயர்களுக்கும் பயன்படும். நடுச் சுருள் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற இலைகளையெல்லாம் அடியோடு சீவினார். வேரைச் சுற்றி ஒரு கூடை அளவு மண்ணோடு பெயர்த்து எடுத்து, மண்ணை உதறினார். பிறகு, தங்கையின் கார் நிறுத்தும் கொட்டகையில் அதைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார். வாழை மட்டைகளின் இடுக்கில் எவ்வளவு தண்ணீர் தங்கியிருக்கும் என்பது வாழைப்பட்டை உரித்தவர்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணீர் முழுவதும் வடிய ஒரு வாரமாயிற்று. அப்புறம் நிமிர்த்து ஒரு தொட்டியில், ஈரம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படியான மட்கு மண்ணில் நிறுத்தினார். கொட்டகையில் கணப்பு இல்லை. ஆனால் பனியும் நுழையாது. உஷ்ணம் 5 டிகிரிக்கும் 10 டிகிரிக்கும் நடுவே இருக்கும். கடைசியாக ஒரு காகிதத்தில் ஏதோ எழுதிச் சுவரில் ஒட்டினார். "மாதம் ஒரு முறை பார்க்கவும். தண்ணீர் வேண்டாம். மார்ச் மாதம் வரை தூங்கட்டும்" என்பதே அதிலிருந்த வாசகம்.

சீவிய இலைகளை அவர் குப்பைக் குழிக்கு எடுத்துப் போகப் பார்த்தார். தாயார் விடவில்லை. இரண்டு இலையைக் கழுவித் துடைத்து, அன்று மத்தியானம் எல்லோருக்கும் அதில் சாதம் பரிமாறினார். பெரியவரும் தரையில் உட்கார முடியாமல் மேஜையில் உட்கார்ந்து, இலையில் சாப்பிட்டார்.

மறு வாரம் தங்கை எங்களைச் சாட்ஸ்வொர்த் மாளிகைக்கு அழைத்துப் போனாள். வாழையின் சரித்திரத்தில் அந்த இடத்துக்கு ஒரு தனி ஸ்தானம் உண்டு. டெவன்ஷயர் பிரபுவான வில்லியம் காவண்டிஷின் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன், மோரீஷஸ் தீவிலிருந்து வந்த ஒரு குட்டை வாழையை 1830-களில் அங்கே கண்ணாடி வீட்டில் வளர்த்துக் குலை தள்ளச் செய்தார். பிரபுவின் பெயரையே அதற்கு இட்டார். இன்று உலகத்தில் விளையும் வாழைப் பழத்தில் ஏறக்குறையப் பாதி காவண்டிஷ் வகை. நம் ஊர்க் கடையில் 'மோரீஸ் பழம்' என்று தொங்குவதும் அந்த ஜாதியே. மோரீஷஸ் என்ற பெயர்தான் நம் நாவில் மோரீஸ் ஆயிற்று.

பாக்ஸ்டன் அதோடு நிற்கவில்லை. 1836-ல் தொடங்கிச் சில வருஷங்களில் 'பெரிய கணப்பு வீடு' என்று பெயர் பெற்ற ஒரு கண்ணாடி மாளிகையைக் கட்டினார். 1843-ல் விக்டோரியா ராணி அதற்குள் வண்டியிலேயே சவாரி செய்து பார்த்தாள் என்றால் அதன் பரப்பை ஊகித்துக்கொள்ளலாம். உள்ளே தென்னை, பனை, வாழை எல்லாம் ஜனவரியிலும் பச்சைப் பசேலென்று நின்றன. அதற்காகப் பூமிக்கு அடியில் 8 கொதிகலன்கள் இரவு பகலாக எரிந்தன. 7 மைல் நீளமுள்ள இரும்புக் குழாய்களில் வெந்நீர் ஓடியது. நிலக்கரி கொண்டுவரச் சுரங்கப் பாதை போட்டிருந்தார்கள். அவருடைய சிஷ்யர் ஜான் கிப்ஸன் என்பவர் செடி சேகரிக்கக் கல்கத்தா வரையில் வந்து போனவர். 1860-களில் லண்டன் பாட்டர்ஸீ பூங்காவில் அவர் வாழையையும் கல்வாழையையும் சேம்பையும் கோடைகாலத்தில் வெளியிலேயே நட்டுக் காட்டினார். ஜனங்கள் கூட்டங் கூட்டமாக வந்து வேடிக்கை பார்த்தார்கள். நம் வீட்டுச் சாக்கடையோரத்தில் முளைத்துக் கிடக்கும் சேம்பை!

பெரிய கணப்பு வீடு என்னவாயிற்று? முதல் மகா யுத்தம் வந்தது. கரிக்கும் ஆளுக்கும் பஞ்சம் வந்தது. கொதிகலன்கள் அணைந்தன. எண்பது வருஷமாகக் குளிர் இன்னதென்று அறியாமல் வாழ்ந்த செடிகள் மடிந்தன. 1920-ல் கட்டடத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். இன்று அவ்விடத்தில், 1962-ல் நட்ட வேலிச் செடிகளாலான ஒரு சுற்றுவழிச் சக்கர வியூகம் இருக்கிறது. குழந்தைகள் அதில் வழி தவறிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கே நின்றுகொண்டு பெரியவரின் கொட்டகையை நினைத்தோம். வெப்ப தேசத்துச் செடியைக் குளிர் தேசத்தில் காப்பாற்ற இரண்டு வழிதான். ஒன்று, தீ மூட்டி அதன் சொந்த நாட்டையே கட்டிக் கொடுப்பது. மற்றொன்று, குளிர் போகும் வரையில் தூங்கச் சொல்வது. முதலாவது பிரபுக்களின் வழி. இரண்டாவது ரயில்வே உபகாரச் சம்பளக்காரரின் வழி. இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் ஆபத்தானது. அதாவது, வீட்டுக்குள் வெதுவெதுப்பான அறையில், ஜன்னல் ஓரத்தில் வைத்துத் தண்ணீரும் ஊற்றுவது. டிசம்பர் மாதத்தில் தஞ்சாவூரில் பகல் ஏறக்குறைய 11½ மணி நேரம். லெஸ்டரில் 8 மணி நேரத்துக்கும் குறைவு. அந்தப் பகலிலும் சூரியன் பாதி நாள் முகம் காட்டுவதில்லை. உஷ்ணம் இருப்பதால் செடி விழித்துக்கொள்கிறது. வெளிச்சம் இல்லாததால் அதற்கு உணவு தயாரிக்க வழியில்லை. கையிருப்பைச் செலவழித்து வெளுத்த, மெலிந்த இலைகளை விடுகிறது. கணப்பினால் காய்ந்த காற்றில் சிவப்புச் சிலந்திப் பேன் வேறு வந்து சேர்கிறது.

இவ்வளவு விஷயமும் இப்போது நமக்குத் தெரியும். நவம்பரில் தெரிந்திருக்கவில்லை என்று சொன்னால் பொய். பாதி தெரிந்திருந்தது. ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து, தாயார் டெலிபோனில் கூப்பிட்டார்.

"வாழை மண்ணைத் தொட்டுப் பார்த்தேனப்பா. விபூதி மாதிரி உதிர்கிறது. வாயில்லாத ஜீவன். கொஞ்சம் தண்ணீர் விடலாமா?"

அப்போது நாம் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தோம். "அந்த மனிதருக்கு ரோஜாவைப் பற்றித் தெரியும், வாழையைப் பற்றி என்ன தெரியும்? காவேரிக் கரையில் பிறந்தவர்களுக்கு வாழைக்குத் தண்ணீர் ஊற்ற ஒருவர் கற்றுக் கொடுக்க வேண்டுமா? தினம் ஒரு செம்பு ஊற்று, அம்மா" என்றோம். சொன்ன வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டதாக ஒரு திருப்தி கூட ஏற்பட்டது.

தாயார் தினம் ஒரு செம்பு ஊற்றினார். பச்சைத் தண்ணீர் குளிருமே என்று வெந்நீர் கலந்து, கையில் பதம் பார்த்து ஊற்றினாராம்.

தூங்கும் செடி தண்ணீர் குடிப்பதில்லை. குடித்த தண்ணீரை வெளியேற்ற அதற்கு இலையுமில்லை. குளிர்ந்த மண்ணில் தண்ணீர் தேங்கினால் மண்ணிலுள்ள காற்று வெளியேறிவிடுகிறது. வேர் மூச்சு முட்டிச் சாகிறது. செத்த வேரில் அழுகல் புகுந்து மேலே ஏறுகிறது. வாழைக் கிழங்கின் நடு மொட்டுவரை அது வந்து சேர்வதற்குள் வெளியே ஒன்றும் தெரியாது.

ஜனவரி மாதம் பொங்கல் கழிந்த மறுநாள் தங்கை கூப்பிட்டாள். "அண்ணா, அம்மா வாழையைக் கொன்றுவிட்டாள். கையால் தொட்டதும் நடுச் சுருள் பிடுங்கிக்கொண்டு வருகிறது; கொட்டகை முழுதும் நாற்றம். சுவரில் எழுதி ஒட்டியிருந்தும் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். என்னைக் கேட்காமல் இனி எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்ட பிறகாவது நாம் வாயைத் திறந்திருக்க வேண்டும். "அப்படியா?" என்று மட்டுந்தான் கேட்டோம்.

அம்மா தன் பேரில் விழுந்த பழியைத் திருப்பிவிடவில்லை. "உன் அண்ணன் சொன்னான்" என்ற மூன்று வார்த்தை போதுமே, அதைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு டெலிபோனில் சீதோஷ்ண நிலையைப் பற்றியே பேசினார். சமையலறைக்குள் போகும்போது கூட, "போகலாமா?" என்று கேட்டுக்கொண்டு போகிறாள் என்று தங்கையே ஒரு நாள் வருத்தத்துடன் சொன்னாள். நாம் அப்போதும் சும்மா இருந்தோம். வகுப்பில் ஒரு பையன் செய்த குற்றத்துக்கு இன்னொரு பையன் பிரம்படி படும்போது பார்த்துக்கொண்டிருக்கும் மாணவனைப் பற்றி நாம் எத்தனையோ நீதிப் பிரசங்கம் செய்திருக்கிறோம்.

அடுத்த வீட்டுப் பெரியவர் யாரையும் கோபிக்கவில்லை. கத்தியை எடுத்து, அழுகிய தண்டைத் துண்டு துண்டாகச் சீவிக்கொண்டே வந்தார். கிழங்கின் நடுவில் ஒரு குழி விழுந்துவிட்டது. சுற்றிலும் வெள்ளையாக, கெட்டியாக ஒரு வளையம் மிஞ்சியது. "பிழைக்காது, ஆனாலும் எறிய மனமில்லை" என்று சொல்லி, அதைப் பழைய செய்தித்தாளின்மேல் காயவைத்தார். ஏப்ரலில் மண் நிரப்பிய தொட்டியில் வைத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்.

மே மாதம் இரண்டாம் வாரம் தாயாரிடமிருந்து டெலிபோன் வந்தது. குரலில் பழைய மிடுக்கு இருந்தது.

"ஐந்து கன்று, அப்பா! வளையத்தைச் சுற்றி ஐந்து கன்று. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் அளவு, செக்கச் செவேலென்று."

பக்கக் கன்றே விடாத வாழை ஐந்து கன்று விட்டது எப்படி? புத்தகங்களைப் புரட்டினோம். எத்தியோப்பியக் குடியானவர்கள் புதுச் செடி வேண்டுமென்றால் இதைத்தான் செய்கிறார்களாம். இளங் கிழங்கைத் தோண்டி, நடு மொட்டை வேண்டுமென்றே குடைந்து எறிந்துவிட்டு, குழியில் மண்ணை அடைத்துப் புதைக்கிறார்கள். நடு மொட்டு இருக்கும் வரையில் அது பக்க மொட்டுக்களை எழும்ப விடுவதில்லை. அது போனதும் தூங்கிக் கிடந்த மொட்டுக்கள் ஒவ்வொன்றாகக் கண் விழிக்கின்றன. ஒரு கிழங்கிலிருந்து நூறு கன்றுகூட வருவதுண்டு. அவர்கள் கத்தியால் செய்வதை நம் முட்டாள்தனம் அழுகலால் செய்துவிட்டது. இதை யாரும் பின்பற்ற வேண்டாம். பெரும்பாலான வாழைகள் அப்படி அழுகினால் அழுகினதுதான்.

அன்றைக்குத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அம்மா, தண்ணீர் ஊற்றச் சொன்ன தப்பு..." என்று ஆரம்பித்தோம்.

"அதை விடு. பெரியவர் சொன்னது சரி என்று எனக்கும் தெரியும்" என்றார் தாயார். "நம் ஊரில் சேப்பங்கிழங்கைத் தோண்டி மணலில் போட்டுக் காயவைப்பதில்லையா? அதற்குத் தண்ணீர் தெளிப்போமா? ஆனால் நாலு மணிக்கே இருட்டிவிடுகிற ஊர், அப்பா. எல்லோரும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். காலையில் எழுந்தால் செய்வதற்கு ஒன்று வேண்டியிருந்தது. நீ ஊற்று என்று சொல்வாய் என்று தெரிந்துதான் உன்னைக் கேட்டேன்."

இதற்கு நாம் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கும் ஒன்றுமில்லை. செடிக்கு உறக்கம் வேண்டும் என்பதை எல்லோரும் கவனித்தோம். அந்த வீட்டில் விழித்துக்கொண்டிருந்தவரை ஒருவரும் கவனிக்கவில்லை.

ஐந்து கன்றில் ஒன்று பெரியவருக்குப் போயிற்று. மற்ற நாலும் மே கடைசியில், உறைபனி இனி இல்லை என்று நிச்சயமானதும் வெளியே வந்தன. முதல் வாரம் நிழலில், அப்புறம் காலை வெயிலில், பிறகே முழு வெயிலில் வைத்தார்கள். உள்ளே வளர்ந்த இலை திடீரென்று வெயிலில் தீய்ந்துவிடும் என்பதற்காக இந்த ஏற்பாடு.

இந்த அக்டோபருக்குப் பெரியவர் ஒரு புதுத் திட்டம் வகுத்திருக்கிறார். இரண்டு வீட்டுச் செடிகளும் ஒரே கொட்டகையில் தூங்கும். அவற்றோடு அவருடைய கல்வாழைக் கிழங்குகளும், ஈரம் மறக்காத மணலில். தாயார்தான் காவல். தினமும் காலையில் போய்த் தண்டை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். பூசணம் பூத்திருந்தால் துடைக்க வேண்டும். உஷ்ணமானியைப் பார்த்து நோட்டுப் புத்தகத்தில் குறிக்க வேண்டும். தண்ணீர் ஊற்றத்தான் கூடாது. நோட்டுப் புத்தகம் வாங்கியாகிவிட்டது என்று தாயார் சொன்னார். தமிழில் எழுதலாமா என்று கேட்டதற்கு, வாழைக்குப் புரிந்தால் போதும் என்று பெரியவர் சொன்னாராம்.

இனி ஒரு காரியம் பாக்கி. அருமைத் தங்கைக்கு: சென்ற குளிர்காலத்தில் உன் வாழையைக் கெடுத்தது அம்மா அல்ல, உன் அண்ணன். இதைப் படித்து முடித்ததும் டெலிபோனில் நம்மைத் திட்டலாம். அதற்கு முன்னால் சமையலறைக்குப் போய், அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வா.